செரண்டிப் ஆந்தைக்கு உத்தரவாதம் தராதீர்கள்: பறவைச் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டுக்குப் பறவை நோக்குவோரை அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். செரண்டிப் ஆந்தையைக் கட்டாயம் காட்டுவோம் என்ற உறுதிமொழியுடன் உங்களிற் சிலர் பயணங்களை விற்கிறீர்கள். அந்த உறுதிமொழியைக் கைவிடுமாறும், அதைக் காப்பாற்றுவதற்காகக் காட்டினுள் நடப்பவற்றை நிறுத்துமாறும் கேட்பதற்கே இம்மடலை எழுதுகிறேன்.

1995 இல் கித்துல்கல மழைக்காட்டில் இலங்கைப் பறவையியலாளர் தீபால் வரகாகொட முன்பின் கேட்டிராத ஒரு குரலைக் கேட்டார். அக்குரலுக்குரிய பறவையைச் சிங்கராஜவில் கண்ணாற் காண்பதற்கு 2001 ஜனவரி வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. 2004 இல் அவரும் அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசனும் அதனைப் புதிய இனமாக விவரித்தனர். 1868 க்குப் பின்னர் இலங்கையிற் புதிதாகக் கண்டறியப்பட்ட முதற் பறவையினம் அதுதான். இந்நாட்டுப் பறவைகளின் குரல்களைத் துல்லியமாக அறிந்த ஒருவரையே அத்தனை ஆண்டுகள் அலைக்கழித்த ஆந்தையை, காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையிற் காட்டிவிடுவதாக நீங்கள் பணம் வாங்குகிறீர்கள்.

அது எப்படிச் சாத்தியமாகிறது என்பது உங்களுக்குத் தெரியும். வழிகாட்டி விடியற்காலையிலேயே தனியாகப் போய், ஆந்தை பகலில் உறங்கும் புதரைத் தேடிப் பிடிக்கிறார். பிறகு குழு வருகிறது, அதன் பின்னால் அடுத்த குழுவும் வருகிறது. ஏறக்குறைய பதினாறு சென்றிமீற்றர் நீளமுள்ள, காதுக் கொம்புகள் இல்லாத இந்தச் செம்பழுப்புப் பறவை பெரும்பாலும் ஆளுயரத்துக்கும் கீழே, காய்ந்த பன்னத்தின் நிறத்தோடு நிறமாக ஒட்டியிருப்பதால், கமராவுக்கு இடம் வேண்டுமென்று முன்னாலுள்ள இலைகளை விலக்குகிறார்கள், செடிகளை மிதிக்கிறார்கள். உறங்கிக்கொண்டிருந்த ஆந்தை உடலை ஒடுக்கி நிமிர்ந்து, கண்ணை அகலத் திறந்து பார்க்குமானால், அது உங்கள் விருந்தினருக்காகக் கொடுக்கும் தோற்றமன்று, அச்சத்தின் அடையாளம். மிகச் சிறந்த படம் என்று பகிரப்படுபவற்றிற் பல அந்தக் கணத்தில் எடுக்கப்பட்டவையே.

மாலையில் நடப்பது இதைவிட மோசமானது. பொழுதுபட்டதும் ஒலிபெருக்கியில் அதன் குரலைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் புகுந்துவிட்டதென்று எண்ணும் ஆந்தை, வண்டுகளையும் அந்துப்பூச்சிகளையும் பிடிக்க வேண்டிய நேரத்தை, இல்லாத எதிரியைத் தேடுவதிற் செலவழிக்கிறது. ஒருமுறை நடந்தாற் பெரிய கேடில்லை என்று வாதிடலாம். ஆனால் குழுக்கள் ஓயாமல் வரும் பருவத்தில், எளிதிற் சென்றடையக்கூடிய பாதையோரத்து ஆந்தைகளுக்கே இத்தொல்லை மீண்டும் மீண்டும் நேர்கிறது. தென்மேற்கு ஈரவலயத்தில் எஞ்சியுள்ள சில தாழ்நில மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் வாழாத, அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்ட பறவை இது.

வழிகாட்டிகளை நான் குறை கூறவில்லை. அட்டைக்கடியோடு புதர் புதராகத் தேடுபவர்கள் அவர்கள். அவர்களுடைய கண்கூர்மை இல்லாவிட்டால் நம்மிற் பெரும்பாலானோர் அந்த ஆந்தைக்கு முன்னால் நின்றுகொண்டே அதைக் காணாமற் போவோம். ஆயினும் ஆந்தை தென்பட்ட நாளில் அவர்களுடைய கை நிறைகிறது, தென்படாத நாளில் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள். அந்த ஏற்பாடு இருக்கும்வரை ஒலிபெருக்கியை எடுக்க வேண்டாமென்று அவர்களிடம் சொல்வதிற் பயனில்லை. ஆகவே ஆந்தை தென்பட்டாலும் தென்படாவிட்டாலும் ஒரே தொகையை வழங்குங்கள். அதைப் பயணக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுங்கள். உறங்குமிடத்தருகே ஒரு நேரத்தில் ஒரு சிறு குழு மட்டும், சில நிமிடங்கள் மட்டும் நிற்க வேண்டுமென்பதையும், ஃபிளாஷ் கூடாதென்பதையும், இடத்தைக் குறிப்பிட்டுப் படங்களை வெளியிடக் கூடாதென்பதையும் பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவியுங்கள்.

1970களில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காகச் சிங்கராஜவில் மரங்கள் வெட்டப்பட்டபோது அதை எதிர்த்து முன்னின்றவர்களில் ஒருவரான திலோ ஹொப்மனின் பெயரே இந்த ஆந்தையின் அறிவியற் பெயரில் இருக்கிறது. அந்த எதிர்ப்பின் பயனாக 1977 இல் வெட்டுதல் நின்றிராவிட்டால் இன்று உங்களுக்கு விற்பதற்குப் பயணமும் இருந்திராது.

வரும் பருவத்துக்கான விளம்பரங்களை அச்சுக்குக் கொடுக்குமுன் இவற்றைப் பரிசீலிக்குமாறும், உங்கள் முடிவை வாடிக்கையாளர்களுக்கு வெளிப்படையாக அறிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரத்தினபுரியிலிருந்து ஒரு பறவை நோக்குநர்