ஆண்டறிக்கை 2024–25: பழைய தூண்டில் ரீல்களும் பொருந்தும் பாகங்களும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குன்னூர், கோத்தகிரி, குந்தா பக்கத்திலிருந்து மழையைப் பார்க்காமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். தூண்டில் நூலைச் சுற்றும் பழைய ரீல்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் நம் சங்கத்தின் ஓராண்டு வேலை இது.

சென்ற பொதுக்குழுவில் நிறைவேற்றிய தீர்மானங்களில் ஒன்றைத் தவிர மற்றவை நடந்திருக்கின்றன. நடக்காமல் போனது பாகங்களைக் கடையச் சொந்தமாக ஒரு சிறிய லேத் வாங்கும் யோசனை. பணம் போதவில்லை, அதனால் கோயம்புத்தூர் பட்டறையையே நம்ப வேண்டியிருந்தது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. நம் லேத்காரர், "நாலு வாஷர் கொடுக்க வருகிறேன், இதற்கும் பாஸா?" என்று கேட்டுவிட்டு, பிறகு அரசுப் பேருந்தில் வந்து இறங்கினார்.

இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: ஏழாயிரம் அடி உயரத்தில் கடல் மீன் ரீலுக்கு என்ன வேலை? அவலாஞ்சியில் டிரவுட் என்ற குளிர்நீர் மீனை வளர்த்த ஊர் என்பதால் டிரவுட் ரீல் இருப்பது எல்லோருக்கும் புரிகிறது. பெரிய ரீல்கள் வேறு வழியில் வந்தவை. எஸ்டேட் மேலாளர்களும் படை அதிகாரிகளும் ஓய்வு பெற்று இங்கே குடியேறியபோது தங்கள் பெட்டிகளோடு கொண்டு வந்தார்கள். கொஞ்சம், மகசீர் என்ற பெரிய ஆற்று மீனுக்காகவும் வந்தன. 1946-இல் கபினி ஆற்றில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் பிடித்த மகசீர் 120 பவுண்டு. அந்த எடையை இழுக்க டிரவுட் ரீல் ஆகாது. இன்றைக்கு மோயாறு ஓடும் முதுமலைக் காப்பகத்துக்குள் தூண்டில் போட முடியாது, அந்தத் திமில் மகசீரும் அழிவின் விளிம்பில் இருக்கிறது. ஆகவே நமது சங்கம் மீன் பிடிக்கும் சங்கம் அல்ல என்பதைப் புது உறுப்பினர்களுக்கு மறுபடியும் நினைவூட்டுகிறேன்.

ஆண்டின் பெரிய வேலை, கோத்தகிரியில் ஒரு குடும்பம் பரணில் இருந்து எடுத்துக் கொடுத்த பென் செனட்டர் 9/0 என்ற பெரிய கடல் ரீல். பிலடெல்பியாவில் ஆட்டோ ஹென்ஸ் 1932-இல் தொடங்கிய நிறுவனம் அது, செனட்டர் வந்தது 1936-இல். பென் ரீல்களில் ஒரு நிம்மதி உண்டு. ஒவ்வொரு பாகத்துக்கும் எண் இருக்கும்: கோட்டுக்கு முன்னால் பாகம், பின்னால் ரீலின் மாடல். பெரிய பல்சக்கரம் 5, அதோடு கவ்வும் சிறிய பல்சக்கரம் 13. செனட்டர் 9/0-இன் மாடல் எண் 115. ஆகவே 13-115 என்று எழுதிக் கேட்டால் போதும், அதே அளவில் வந்துவிடும்.

ஆனால் எண்ணில் ஒரு எழுத்து பிசகினாலும் கதை வேறு. 114-க்கும் 114-எச்சுக்கும் வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான், உள்ளே பற்களின் விகிதம் வேறு. இன்னொரு விஷயம்: சிறிய சக்கரம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் ஜோடியாக மாற்றுவதே நல்லது. தேய்ந்த பல்லோடு புதுப் பல்லைக் கோர்த்தால் புதியதும் சீக்கிரம் தேயும். கோத்தகிரி ரீலில் அப்படித்தான் ஜோடியாக மாற்றினோம். பழைய ஜோடியை உறையில் போட்டு ரீலோடு திருப்பிக் கொடுத்தோம்.

ஹார்டி ரீல் வந்தால் இந்த நிம்மதி போய்விடும். 1872-இல் இங்கிலாந்தின் அல்ன்விக்கில் தொடங்கிய அந்தக் கம்பெனியின் பழைய ரீல்களில் பல பாகங்கள் கையால் அரம் போட்டுப் பொருத்தியவை. ஒரே மாடல், ஒரே அளவு என்றாலும் ஒன்றின் ஸ்பிரிங் இன்னொன்றில் அப்படியே உட்காராது. அதோடு மரைத் தகராறு. ஹார்டியில் இருப்பது பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரை, கோணம் 47.5 பாகை. அமெரிக்க மரையில் 60 பாகை. இதில் மோசமான ஜோடி 2 பி.ஏ.வும் அமெரிக்க 10-32-ம். முதலாவது 4.7 மி.மீ. விட்டம், 0.81 மி.மீ. இடைவெளி. இரண்டாவது 4.83, 0.79. இரண்டு மூன்று சுற்று மாமன் மச்சான் போல நன்றாகவே உள்ளே போகும். அப்புறம் திருப்புளியை அழுத்தினால் ஓட்டை போச்சு. இந்த ஆண்டு நமக்கு வந்த ஒரு ஹார்டி சைலெக்ஸ் ரீல் இப்படித்தான், சமவெளியில் ஏதோ ஒரு பட்டறையில் ‘சரி செய்யப்பட்டு’ வந்திருந்தது. ஓட்டையைப் பெரிதாக்கிப் பித்தளை அடைப்பு வைத்து மறுபடி 2 பி.ஏ. மரை போட வேண்டியதாயிற்று.

அந்த ரீலின் கிளிக் ஸ்பிரிங்கும், அதாவது சுற்றும்போது சத்தம் தரும் ஸ்பிரிங்கும், உடைந்திருந்தது. பழைய சுவர்க்கடிகாரத்தின் ஸ்பிரிங் துண்டை வெட்டி, சூடாக்கி வளைத்து, மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பின் சுமார் 300 பாகை செல்சியஸில் நீல நிறம் ஏறும்வரை மெல்லச் சூடாக்கினால் புது ஸ்பிரிங் கிடைக்கும். முதல் துண்டு நொறுங்கியது, அடுத்தது தொய்ந்து போனது. மூன்றாவதில்தான் சத்தம் சரியாக வந்தது.

இனி, செயற்குழுவில் இரண்டு கூட்டங்களைத் தின்ற விவாதம். ஒரு நல்ல ரீலைக் காப்பாற்ற, ஓடும் நிலையில் இருக்கும் இன்னொரு ரீலைப் பிரித்துப் பாகம் எடுக்கலாமா? எடுக்கலாம் என்போர், அசல் பாகமே அசல் பாகத்துக்குப் பொருந்தும் என்கிறார்கள். பென் ரீல்களைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு, அவை ஏராளமாக இருக்கின்றன. எபனைட் என்ற கடின ரப்பரும் ஜெர்மன் சில்வர் என்ற நிக்கல் கலவையும் சேர்ந்த பழைய அமெரிக்க எட்வர்ட் வாம் ஹோஃப் ரீலை அப்படிப் பிரிப்பதை நான் ஏற்கவில்லை. புதிதாகக் கடைந்து, உட்புறத்தில் ஒரு புள்ளியும் ஆண்டும் குத்தி வைத்தால் யாரையும் ஏமாற்றியதாகாது. குழு பெரும்பான்மையாக இதையே ஏற்றது. எதிர்த்தவர்கள் கருத்தும் பதிவேட்டில் இருக்கிறது.

வாஷர் பற்றிய சண்டை இதைவிடச் சிறியது. மீன் இழுக்கும்போது பிரேக் போல நூலைப் பிடிக்கும் பழைய டிராக்கின் தோல் வாஷர்கள் நம் ஊர் ஈரத்தில் பூசணம் பிடிக்கும். ஓட்டப்போகிற ரீலுக்குக் கார்பன் வாஷர் போடுங்கள், உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள். அலமாரி ரீலுக்குத் தோலே இருக்கட்டும்.

எபனைட் தட்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சுடுதண்ணீரில் கழுவாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள். கருமை போய்ப் பழுப்பும் பச்சையுமாக மாறும். பாலிஷ் சக்கரமும் வேண்டாம். ஒரு ரீலில் தயாரிப்பாளர் முத்திரையே மழுங்கிப்போய் வந்தது, அதற்கு எந்த மாற்றுப் பாகமும் கிடையாது.

கோடைவிழாச் சமயத்தில் நடத்திய சிறு கண்காட்சிக்கு நல்ல கூட்டம். பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்தான், இருந்தாலும் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா நிலுவை உள்ளவர்கள் அவரைப் பார்த்த பிறகு தேநீருக்குப் போகலாம். இடம் கொடுத்த பள்ளிக்கும், இரவல் அளவுகோல் தந்த அருவங்காட்டு ஓய்வுபெற்ற நண்பர்களுக்கும் நன்றி.

பொதுக்குழுவின் முன் இரண்டு தீர்மானங்கள்: மாற்றிய ஒவ்வொரு பாகத்தையும் பதிவேட்டில் எழுதுவது, பழைய பாகத்தை உரியவரிடமே ஒப்படைப்பது. சங்கத்தின் பி.ஏ. டேப் (மரை வெட்டும் கருவி) பெட்டியில் 6-ஆம் எண் காணவில்லை. யாரிடம் இருந்தாலும் அடுத்த மாதக் கூட்டத்துக்குள் திருப்பித் தரவும்.

செயலாளர்
உதகமண்டலம்