முழங்கை வலிக்கு ஊசி மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டும் ஆண்களும், முதுகில் பம்பைச் சுமந்து மருந்து அடிக்கும் பெண்களும், பட்டணத்துக் கடைகளில் விடியுமுன்னரே ரொட்டி சானாய்க்கு மாவு பிசையும் இளைஞர்களும் முழங்கை வலியை வாய்வு என்றோ வயதுக்கோளாறு என்றோ ஒதுக்கிவிடுவதை, தோட்ட மருந்தகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற நான் நெடுங்காலமாகக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டில் தொடங்குகின்றன. எதையேனும் இறுகப் பிடிக்கும்போதெல்லாம் அவற்றை எலும்போடு இணைக்கும் நாண்கள் இழுபடுகின்றன. பம்பின் கைப்பிடியை நாள் முழுவதும் மேலும் கீழும் அசைப்பவருக்கு அந்த நாண் ஆறுவதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. நாளடைவில் தேநீர்க் குவளையைத் தூக்குவதும் துணி பிழிவதும்கூட வேதனையாகிவிடுகிறது. மருத்துவர்கள் இதை டென்னிஸ் எல்போ என்கிறார்கள்.

கிளினிக்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள்களில் வலி குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 198 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாம் வாரத்தில் ஊசி நல்ல பலன் தந்தபோதிலும், ஊசி போட்டுக்கொண்டவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வலி பின்னர் திரும்பியது. வலி மறைந்ததும் மறுவாரமே குலை வெட்டும் உளியைப் பிடிக்கும் தொழிலாளி இதை அறிந்திருக்க வேண்டும்.

நிலையான பலன் பயிற்சியில்தான் இருக்கிறது. முன்கையை மேசைமீது கிடத்தி, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, மணிக்கட்டை மட்டும் விளிம்புக்கு வெளியே விட வேண்டும். நீர் நிரப்பிய அரை லிட்டர் போத்தலை அக்கையில் பிடித்து, மற்றக் கையின் உதவியோடு மேலே உயர்த்தி, பின்பு நோயுள்ள கையால் மட்டும் மூன்று நான்கு வினாடிகள் எடுத்து மெதுவாக இறக்க வேண்டும். இதைச் சுற்றுக்குப் பதினைந்து முறையாக மூன்று சுற்றுகள் செய்யலாம். செய்யும்போது சற்று வலித்தால் பாதகமில்லை. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் நீரின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று மாதங்களாவது தொடர வேண்டும் என்பதால் பொறுமை இன்றியமையாதது. பொருள்களைத் தூக்கும்போது உள்ளங்கை மேல்நோக்கியிருப்பதும் நல்லது. விரல்கள் மரத்துப்போனாலோ, மூட்டு வீங்கிக் காய்ச்சல் கண்டாலோ, கை மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எனினும், வெட்டிய குலைக்கே கூலி பெறுபவரிடம் ஓய்வெடுங்கள் என்று கூறுவது எளிது. அவர் வீட்டு அடுப்பு எரிவது எப்படி? வலி தொழிலால் வந்த நோய் என ஏற்கப்பட்டு, குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பும் இருந்தால், மலேசியாவின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ தினக்கூலியில் 80 விழுக்காடு வழங்குகிறது. ஆகவே தாம் செய்யும் வேலை இன்னதென்பதை மருத்துவரிடம் விளக்கமாகக் கூறி, அதைக் குறிப்பில் எழுதும்படி தொழிலாளர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களும் உளிகளைக் கூராக வைத்திருக்கவும், கைப்பம்புக்குப் பதிலாக பேட்டரியில் இயங்கும் பம்புகளை வாங்கித் தரவும், வலி கண்டவரைக் கூலி குறையாமல் சில வாரங்களுக்கு வேறு வேலைக்கு மாற்றவும் முன்வர வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்ட மருந்தகப் பணியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.