மணி பழிவாங்கவில்லை, பயப்படுகிறான்

அன்பு மகளுக்கு,

புது வீட்டுக்குப் போனதிலிருந்து உன் பூனை மணி சுவரிலும் சோபாவின் பின்பக்கத்திலும் மூத்திரம் பீய்ச்சுகிறான், யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். கொடுத்துவிடாதே கண்ணு. அவன் உன்மேல் கோபத்தில் இதைச் செய்யவில்லை. அந்த வீடு இன்னும் தன்னுடையதாகத் தோன்றாததால் செய்கிறான்.

முதலில் எப்படிப் போகிறான் என்று கவனி. நின்றபடி, வாலைத் தூக்கி நடுங்கவிட்டு, சுவர்மேல் கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. தரையில் குந்தி நிறையப் போனால் மணல் பெட்டியிலோ உடம்பிலோ ஏதோ சரியில்லை. எதுவானாலும் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடு. முக்கி முக்கி உட்கார்ந்தும் மூத்திரம் வராவிட்டால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதே. ஆண் பூனைக்கு மூத்திரக்குழாய் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அவனுக்குத்தான் கருத்தடை செய்தாயிற்றே என்று நீ நினைக்கலாம். கருத்தடை செய்த ஆண் பூனைகளிலும் சுமார் பத்தில் ஒன்று பீய்ச்சத்தான் செய்யும்.

பெரோமோன் டிஃப்பியூசர் வாங்கலாமா என்று கேட்டாயே, வாங்கு. பெரோமோன் என்பது ஒரு விலங்கு தன் இனத்துக்குச் சேதி சொல்ல விடும் வாசனைப் பொருள்; டிஃப்பியூசர், அதைப் புட்டியில் அடைத்து மின் பிளக்கில் செருகி அறையில் பரப்பும் கருவி. நாற்காலிக் காலிலும் உன் காலிலும் அவன் கன்னத்தைத் தேய்ப்பானே, அப்போது முகச் சுரப்பிகளிலிருந்து ஒரு வாசனையைப் பூசிவிட்டுப் போகிறான். நம் மூக்குக்கு அது எட்டாது. 1990களில் பிரான்சின் கால்நடை மருத்துவர் பத்ரிக் பாஜா அந்தச் சுரப்பில் ஐந்து வகைக் கலவைகளைப் பிரித்தறிந்தார். மூன்றாவதான எஃப்3, பூனை தனக்குப் பழகிய இடத்தில் பூசுவது. கன்னம் தேய்த்த இடத்தில் பூனை பொதுவாகப் பீய்ச்சாது. அந்த எஃப்3-ஐச் செயற்கையாகச் செய்துதான் டிஃப்பியூசரில் அடைக்கிறார்கள். மயக்க மருந்து இல்லை, அவன் தூங்கி வழிய மாட்டான்.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டு அலசலில், பெரோமோன் இல்லாத போலிக் கருவியைவிட இதில் பீய்ச்சுவது நன்றாகவே குறைந்தது. குறையும் என்றுதான் நானும் சொல்வேன். எல்லாப் பூனையிடமும் அடியோடு நிற்காது.

அவன் அதிக நேரம் இருக்கும் அறையில், திரைக்குப் பின்னாலோ மேசைக்கு அடியிலோ இல்லாமல் திறந்த இடத்தில் செருகு. இரவும் பகலும் ஓடட்டும். ஒரு புட்டி சுமார் 30 நாள் வரும், 50 முதல் 70 சதுர மீட்டர் வரை எட்டும். இதே பெரோமோனை ஸ்பிரேயாக வாங்கினால், பீய்ச்சிய இடத்தைக் கழுவிக் காய்ந்த பிறகு அடி. அதில் ஆல்கஹால் இருக்கிறது, அது ஆவியாகப் பதினைந்து நிமிடமாவது அவனை அந்தப் பக்கம் விடாதே. அவன்மேல் ஒருபோதும் அடிக்காதே. கழுவ என்சைம் கிளீனர், அதாவது மூத்திரக் கறையைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம், நல்லது. அமோனியா கலந்தது வேண்டாம், அந்த நெடி மூத்திரம் போலவே இருப்பதால் மறுபடி அங்கேயே போவான்.

பயத்தின் காரணம் அப்படியே இருந்தால் டிஃப்பியூசர் மட்டும் போதாது. வெளிப்பூனை ஏதாவது ஜன்னலுக்கு வந்து நிற்கிறதா என்று பார். நின்றால் கண்ணாடியின் கீழ்ப்பாதியை மறைத்துவிடு. மணல் பெட்டி ஒன்றுதான் வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன், இன்னொன்று வை. ஒரே பூனை என்றாலும் இரண்டு பெட்டி வேண்டும். திட்டவோ அடிக்கவோ செய்யாதே. பயத்தில் பீய்ச்சுகிறவன் இன்னும் பயந்து இன்னும் பீய்ச்சுவான்.

ஒரு மாதம் ஓடியும் குறையாவிட்டால் மருத்துவரிடம் பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளூயாக்ஸிடின் மாத்திரை பற்றிக் கேள். பலனுள்ள மருந்துதான், ஆனால் அளவை அவர்தான் சொல்ல வேண்டும்.

எந்தெந்த இடத்தில் பீய்ச்சுகிறான் என்று குறித்து அனுப்பு. ஜன்னல், வாசல் பக்கம் என்றால் வெளிப்பூனை மேல்தான் என் சந்தேகம். புது சோபா, பை, செருப்பு என்றால் அந்நிய வாசனை. அதைப் பார்த்துவிட்டு டிஃப்பியூசரை எந்த அறையில் வைப்பது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா