சானல் தண்ணீரும் இரண்டு ஓட்டும்

ஹாமில்டன், நியூசிலாந்து
31 மார்ச் 2024, ஈஸ்டர் ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கும் அம்மாவுக்கும் பாட்டிக்கும் ஈஸ்டர் வாழ்த்துகள். அதிகாலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். கிழங்கு பிஜித் தீவிலிருந்து உறைய வைத்து வருவது. நம்ம விளையில் பிடுங்கியதுபோல் மாவாக வெந்து உடையாது. ஆனாலும் மீன் குழம்போடு சேர்ந்தால் வீட்டு நினைப்பு வந்துவிடுகிறது. இன்று ஈஸ்டர் ஞாயிறு என்பதால் பெரும்பாலான கடைகளைத் திறக்க இங்கே சட்டமே அனுமதிக்காது. தெருவே அமைதியாக இருக்கிறது. இலைகள் பழுக்கத் தொடங்கிவிட்டன. காலையில் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போக முடியவில்லை.

வியாழக்கிழமை போனில் நீங்கள் சொன்னதைத்தான் நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். "இனி எவனுக்கும் ஓட்டு இல்லை மக்களே. அன்னைக்கு நான் விளைக்குப் போய் என் வேலையைப் பாப்பேன்" என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். கோபத்தில் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன். சலித்துப்போன குரலில் சொன்னீர்கள். அதுதான் மனதைப் பிசைகிறது. போனில் பேசினால் பாதியில் எனக்கு அழுகை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை அப்பா. தாத்தா காலத்திலிருந்து ஒரே கட்சி நம்முடைய வீடு. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய நேசமணி அய்யாவின் பின்னால் போனவர்களில் தாத்தாவும் ஒருவர். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்ததை அவர் சொல்லும்போது, எத்தனையாவது முறை கேட்டாலும் நாம் எல்லாரும் மூச்சுவிடாமல் கேட்போம். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்ததைத் தன் சொந்தப் பிள்ளை பிறந்ததுபோலச் சொல்வார். 1969 இடைத்தேர்தலில் காமராசருக்கு ஓட்டுப் போட்டதையும் கடைசிவரை பெருமையாகச் சொன்னார். அப்படிப்பட்ட வீட்டில், நாம் ஒரு சின்னத்துக்குப் போட்ட ஓட்டில் ஜெயித்த எம்எல்ஏ இன்னொரு கட்சிக்குப் போய்விட்டால் வலிக்கத்தானே செய்யும். அந்தக் கட்சிக்காரர்கள் மேலும், இந்தக் கட்சிக்காரர்கள் மேலும், மொத்தமாகவே உங்களுக்கு வெறுத்துவிட்டது.

அதோடு சானல் தண்ணீர். அதை நான் மறக்கவில்லை. நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் தண்ணீர் வரும் நாளில் நீங்கள் மம்மட்டியோடு விடியும் முன்னே மடை திறக்கப் போவீர்கள். நானும் டார்ச் பிடித்துக்கொண்டு பின்னால் வருவேன். முதலில் நுரையும் காய்ந்த இலையும்தான் வரும், அப்புறம் பழுப்பு நிறத் தண்ணீர், அதற்குப் பிறகு தெளிந்த தண்ணீர். அது வயலுக்குள் இறங்கும்போது மண்ணிலிருந்து குமிழிகள் 'பொளக் பொளக்' என்று வருமே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நெய்யாறு அணையிலிருந்து வந்த அந்தத் தண்ணீரை 2004-ல் கேரளா நிறுத்தியது. விளவங்கோடு தாலுகாவில் 9,200 ஏக்கர் அந்தச் சானலை நம்பி இருந்தது. நம்ம வயல் வாழைத் தோட்டமாகி, பிறகு ரப்பர் ஆனது. 2012-ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தேர்தலுக்குத் தேர்தல் வந்தவர்கள் எல்லாரும் "தண்ணீர் வரும்" என்றார்கள். போன தடவை நான் ஊருக்கு வந்தபோது சானலுக்குள் பையன்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷம் ஏமாந்த பிறகு, யாருக்கும் ஓட்டு இல்லை என்று நீங்கள் சொல்வதில் என்ன தப்பு என்று நானே யோசித்தேன்.

இருந்தாலும் கேளுங்கள். போன அக்டோபர் 14, சனிக்கிழமை, நான் இந்த நாட்டில் முதல்முறையாக ஓட்டுப் போட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால், இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு அங்கே எப்படிப் போட்டாய் என்று பயப்படுவீர்கள் என்று நினைத்தேன். இங்கே குடியுரிமை வேண்டாம். குடியிருப்பு விசா கிடைத்து, நாட்டில் தொடர்ந்து ஒரு வருஷம் இருந்திருந்தால் ஓட்டு உண்டு. பள்ளிக்கூட ஹாலுக்குள் போனேன். அடையாள அட்டை கேட்கவில்லை. பெயரும் விலாசமும் சொன்னதும் அந்த அம்மா பட்டியலில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டுவிட்டுச் சீட்டைக் கொடுத்தார். விரலில் மை இல்லை. வெளியே வந்த பிறகும் இடது ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டே நின்றேன் அப்பா. ஒரு கட்சிக் கொடியோ தட்டியோ கிடையாது. எல்லாவற்றையும் முந்தின நாள் ராத்திரிக்குள் எடுத்துவிட வேண்டும்.

அந்தச் சீட்டில் இரண்டு வரிசை இருக்கும். இடப்பக்கம் கட்சிக்கு ஒரு ஓட்டு, வலப்பக்கம் தொகுதி வேட்பாளருக்கு ஒரு ஓட்டு. இரண்டும் ஒரே கட்சிக்கு விழ வேண்டியதில்லை. நான் ஒன்றை ஒரு பக்கமும் மற்றதை வேறு பக்கமும் போட்டேன்.

இந்த இரண்டு ஓட்டு எப்படி வந்தது என்று நான் பார்த்துக்கொள்ளும் ஒரு பாட்டி சொன்னார். பால் பண்ணை வைத்திருந்தவர், வயது 89. முதியோர் இல்லத்துக்கே தேர்தல்காரர்கள் பெட்டியோடு வந்தார்கள். பாட்டி கை நடுங்க நடுங்கத் தானே குறி போட்டார். நான் பேனாவைப் பிடிக்கப் போனதற்குக் கையைத் தட்டிவிட்டார். அப்புறம் டீ குடிக்கும்போது சொன்னார். 1978-லும் 1981-லும் லேபர் கட்சிக்குத்தான் நாடு முழுக்க அதிக ஓட்டு. ஆனால் அதிக இடம் பிடித்து ஆட்சி அமைத்தது நேஷனல் கட்சி. 1981-ல் இன்னொரு கட்சி நூற்றுக்கு இருபது ஓட்டுக்கு மேல் வாங்கியும் கிடைத்தது இரண்டே இடம். 1984-ல் லேபர் வந்தது, தேர்தலில் சொல்லாததையெல்லாம் செய்தது. 1990-ல் நேஷனல் வந்து அதே வழியில் போனது. ஜனங்களுக்கு இரண்டு பேர் மேலும் நம்பிக்கை போய்விட்டது. நீங்கள் இப்போது பேசுகிறீர்களே, அப்படித்தான் அவரும் வீட்டுக்காரரும் மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்களாம். 1992-ல் வாக்கெடுப்பு வைத்தபோது நூற்றுக்கு எண்பத்து நாலு பேருக்கு மேல், தொகுதிக்கு மட்டும் ஓட்டுப் போடும் பழைய முறை வேண்டாம் என்றார்கள். 1993-ல் இன்னொரு வாக்கெடுப்பு, 1996-ல், கட்சி ஓட்டுக்குத் தகுந்தபடி இடம் கிடைக்கும் இந்த இரண்டு ஓட்டு முறையில் முதல் தேர்தல். "இப்போதும் இவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்த இரண்டு முறையும் மழையில் நனைந்துகொண்டு போய்ப் போட்டேன்" என்றார்.

இங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. போன தேர்தலில் எந்தக் கட்சிக்கும் தனியாகப் பெரும்பான்மை இல்லை. மூன்று கட்சிகள் பேசி ஒப்பந்தம் போட நவம்பர் 24 ஆகிவிட்டது. வீட்டு வாடகையும் மளிகை விலையும் குறையவில்லை. கட்சி மாறுபவர் பதவி இழக்கும் சட்டம் நமக்கு 1985-லேயே வந்தது, இவர்கள் 2018-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். கட்சி மாறுவதற்கு இங்கே பெயர் 'ஓடம் தாவுவது'. குளச்சல்காரர்களுக்கு நல்லாப் புரியும்.

அதனால்தான் ஒன்று சொல்கிறேன் அப்பா. நம்ம எம்எல்ஏ போனதோடு பதவியும் போய்விட்டது. இடம் காலியாகி, அந்த ஓட்டு மறுபடியும் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை நாடாளுமன்றத்துக்கு ஒன்று, விளவங்கோடு இடைத்தேர்தலுக்கு ஒன்று என்று நீங்களும் இரண்டு மிஷினில் அழுத்தப் போகிறீர்கள். இரண்டையும் ஒரே சின்னத்தில் அழுத்த வேண்டும் என்று யார் சொன்னது? டெல்லிக்குப் போகிறவரிடம் ஒரு கேள்வி, சென்னைக்குப் போகிறவரிடம் ஒரு கேள்வி என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இடைத்தேர்தலுக்கு முக்கியமான கட்சிகள் எல்லாம் இந்த முறை பெண்களையே நிறுத்தியிருக்கின்றன. ஓட்டுக் கேட்டு நம்ம முக்குக்கு வரும்போது சானலைப் பற்றிக் கேளுங்கள். "தண்ணீர் வரும்" என்று சொன்னால் விடாதீர்கள். வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது, கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று கேளுங்கள். யாருக்கு அது தெரிகிறது, யார் தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். அவர்கள் தாக்கல் செய்த சொத்து விவரம், வழக்கு விவரம், படிப்பு எல்லாம் தேர்தல் ஆணையத்தின் இணையத்தில் இருக்கிறது. தம்பியை இறக்கித் தரச் சொல்லுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக வாசியுங்கள்.

எல்லாம் பார்த்தும் ஒருவரும் பிடிக்கவில்லை என்றால் நோட்டாவை அழுத்துங்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம் தந்த உரிமை அது. நோட்டாவுக்கு எவ்வளவு விழுந்தாலும் வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் ஜெயிப்பார், அதைத் தெரிந்துகொண்டே அழுத்துங்கள். ஆனாலும் அது எண்ணிக்கையில் வரும். விளையில் நின்றால், நீங்கள் சலித்துப்போனது யாருக்கும் தெரியாது.

எனக்கு அங்கே பெயர் இருந்தாலும் நேரில் வந்துதான் போட வேண்டும். விமானத்துக்கும் லீவுக்கும் இப்போது வழியில்லை. அதனால் உங்கள் ஓட்டு எனக்கும் சேர்த்துத்தான் என்று மனதில் நினைத்துக்கொள்கிறேன். இப்படிக் கேட்பதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

85 வயது தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே ஓட்டு என்பதால் பாட்டிக்கு 12டி படிவம் கொடுத்தாயிற்று என்று மைனி சொன்னாள். அதிகாரிகள் வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள். பாட்டிக்குக் காது சரியாகக் கேட்காது, அவர்கள் சொல்வதை ஒரு தடவை சத்தமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள், யாருக்கு என்று மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். 19-ம் தேதி வெயிலுக்கு முன்னே, ஏழு மணிக்கே அம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். அம்மாவுக்கு மூட்டு வலி, வரிசையில் நிற்க வைக்காதீர்கள். பட்டனை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியில் சீட்டு ஏழு விநாடி தெரியும். அவசரப்படாமல் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு மிஷின், இரண்டிலும் பார்க்க வேண்டும்.

அம்மாவின் மருந்துக்குப் பணம் அனுப்பிவிட்டேன், செவ்வாய்க்கிழமைக்குள் வந்துவிடும்.

உங்கள் அன்பு மகள்