10 லிட்டர் டிரோனில் 16 லிட்டர் மருந்து

பெறுநர்:
மேலாளர்,
டிரோன் மருந்து தெளிப்பு சேவை,
தஞ்சாவூர்.

பொருள்: அளவுக்கு மேல் எடை ஏற்றிய டிரோன் என் வயலில் விழுந்தது தொடர்பாக.

ஐயா,

சம்பா நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்தடிக்க உங்கள் டிரோனை வாடகைக்கு எடுத்தேன். முதல் தூக்கிலேயே வயலுக்குள் விழுந்தது. போனில் கேட்டால் "காத்து அடிச்சிருக்கும் சார்" என்கிறார்கள். அன்று தென்னை ஓலைகூட அசையவில்லை.

காரணம் எடைதான். டிரோன் மேல் '10 லிட்டர்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. மாட்டியிருந்ததோ 16 லிட்டர் தொட்டி. அது சரியாக உட்காராததால் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒன்றரை ஏக்கர் மருந்தை ஒரே தூக்கில் முடித்துவிடலாம், பேட்டரி மாற்ற நேரம் போகாது என்ற கணக்கு. கிளம்பும்போதே மோட்டார் அலறியது. ஆள் உயரம் ஏறவே திணறியது. வரப்போரம் திரும்புகையில் தொட்டித் தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிய, டிரோனும் அப்படியே சாய்ந்தது. தூக்குவதற்கே முழு வலுவும் போய்விட்டால் நிமிர எதை வைத்து நிமிரும்? மருந்தடிக்கும் பெரிய விமானங்களில் ஆபத்து என்றால் தொட்டியைச் சட்டென்று காலி செய்ய விமானிக்கு வழி உண்டு. உங்கள் டிரோனில் அதுவும் இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். 2021 டிரோன் விதிகளின்படி சுமையோடு சேர்த்து 25 கிலோ வரைதான் 'சிறிய' வகை. அதைத் தாண்டினால் 'நடுத்தர' வகை. முழுத் தொட்டியோடு 24 கிலோ சொச்சம் என்று உங்கள் நோட்டீஸிலேயே போட்டிருக்கிறது. கூடுதலாக 6 லிட்டர் ஊற்றினால் 30 கிலோ ஆகிவிடாதா? ஓட்டுநர் சான்றிதழும் மூன்றாம் நபர் காப்பீடும் சிறிய டிரோனுக்கு எடுத்தவை. பக்கத்து வயலில் பெண்கள் களை பறிப்பார்கள். நல்லவேளை, அப்போது சாப்பிடப் போயிருந்தார்கள். அவர்கள் தலையில் விழுந்திருந்தால் அந்தக் காப்பீடு செல்லுமா?

கைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் கலக்கும் மருந்தை டிரோனுக்குப் பத்தே லிட்டரில் கலக்கிறோம். அவ்வளவு கெட்டியான கரைசல் ஒரே இடத்தில் கொட்டியதில் பயிர் கருகிவிட்டது. வாய்க்காலிலும் கொஞ்சம் கலந்தது.

ஓட்டிய தம்பியை நான் குறை சொல்லவில்லை. ஏக்கர் கணக்கில் கூலி கொடுத்து, பெரிய தொட்டியையும் மாட்டிக் கையில் கொடுத்தால் அவர் என்ன செய்வார்?

வாடகையைத் திருப்பித் தாருங்கள். கருகிய பயிரை ஆள் அனுப்பிப் பார்த்து இழப்பீடு கொடுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தின் நகலும் வேண்டும். அப்புறம், அந்த 16 லிட்டர் தொட்டியோடு எங்கள் ஊருக்குள் வராதீர்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் போட்டோக்களோடு, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏவுக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பாபநாசம் வட்டம்.