அப்பாவுக்கு, கியோத்தோ மழையைப் பற்றி

கியோத்தோ,
ஜூன் மாதக் கடைசி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே நீங்கள், அம்மா, பாட்டி எல்லோரும் நலமா? போனில் பேசும்போதெல்லாம் "அங்க மழை உண்டா" என்று கேட்கிறீர்கள், "பெய்யுதுப்பா" என்கிறேன், அதற்குள் அம்மா போனை வாங்கிவிடுகிறார். அதனால் இந்தத் தடவை மழையைப் பற்றியே எழுதிவிடுகிறேன். மேட்டூரில் 12ஆம் தேதி தண்ணீர் திறந்தார்களா, குறுவைக்கு நாற்று விட்டாச்சா என்று பதிலில் சொல்லுங்கள்.

இங்கே இப்போது த்சுயு, அதாவது மழைக்காலம். ஜூன் முதல் வாரம் வாக்கில் பிடித்தால் ஜூலை நடுவைத் தாண்டித்தான் விடும். "த்சுயு தொடங்கிவிட்டதாகத் தெரிகிறது" என்று வானிலைத் துறை வட்டாரம் வட்டாரமாக அறிவிக்கும், அன்றைக்கு அதுதான் செய்தி. எழுத்தில் பிளம் மழை என்று எழுதுகிறார்கள், ஏனென்றால் உமே என்கிற அந்தக் காய் பழுக்கிற சமயம் இது. கடைகளில் மூட்டை மூட்டையாக வரும், உப்பில் ஊறப்போட வாங்கிப் போவார்கள். நம் ஊர் ஐப்பசி மழை போல அடித்துப் பெய்வதில்லை, நாள் முழுக்க நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும், துணி வீட்டுக்குள்ளேதான் காய வேண்டும், அலமாரியில் விட்ட தோல் செருப்பில் பூஞ்சை பிடித்துவிடும். ஆனாலும் யாரும் இதைத் திட்டித் தீர்ப்பதில்லை, நட்ட வயல் இதை நம்பித்தான் இருக்கிறது. பெய்யாமல் ஏமாற்றிவிட்டால் அதற்கும் ஒரு பெயர், கரத்சுயு, வெறும் த்சுயு. அந்தக் கவலை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதே மழை பாட்டுக்குள் வரும்போது சமிதாரே ஆகிவிடுகிறது. பழைய சந்திரக் கணக்கில் ஐந்தாம் மாதத்து மழை. 1689இல் பாஷோ என்ற கவிஞர் எதோவிலிருந்து (இன்றைய தோக்கியோதான்) வடக்கே நடந்தே கிளம்பினார். வழியில் யமகதா பக்கம் மொகாமி ஆற்றங்கரையில் ஒரு வீட்டில் தங்கி, நாலு பேர் கூடி அடிக்கு அடி பாட்டுக் கட்டியபோது, "சமிதாரேயை எல்லாம் சேர்த்துக்கொண்டு குளுமையாக இருக்கிறது மொகாமி ஆறு" என்று எடுத்துக் கொடுத்தார். விருந்து வைத்தவருக்கு மரியாதையாகச் சொன்ன அடி அது. அப்புறம் அதே ஆற்றில் படகேறிப் போனார், தண்ணீர் பெருகி ஓடுகிறது, படகுக்கே ஆபத்து என்று பயணநூலில் எழுதியிருக்கிறார். எழுதி முடித்த பாட்டில் குளுமை இல்லை; "சமிதாரேயை எல்லாம் சேர்த்துக்கொண்டு வேகமாக ஓடுகிறது மொகாமி ஆறு" என்று இருக்கிறது. ஒரே ஒரு சொல்தான் மாறியது, ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆள் ஆற்றுக்குள் போய்விட்டார். புது வெள்ளம் வரும்போது நுரையையும் மிதந்து வருகிற செத்தையையும் பார்த்தே வரத்து எவ்வளவு என்று சொல்வீர்களே, இதைப் படித்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது.

அடுத்த நூற்றாண்டில் புசோன் என்று இன்னொருவர், ஓவியரும்கூட, இந்த ஊரிலேயே வெகுகாலம் வாழ்ந்தவர். அவர் பாட்டு இப்படிப் போகிறது: சமிதாரே, பெரிய ஆற்றை எதிரே வைத்துக்கொண்டு இரண்டு வீடு. அவ்வளவுதான்! வெள்ளம் ஏறுமா இறங்குமா என்றுகூட அதில் இல்லை. ஒரு வீடு என்றிருந்தால் ஐயோ பாவம் என்று நின்றுவிடும், நாலைந்து என்றால் தெருவாகிவிடும்; இரண்டு என்றதும், ராத்திரி ஒரு வீட்டுக்காரர் கதவைத் திறந்து அடுத்த வீட்டில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பதுவரை நமக்குத் தெரிந்துவிடுகிறது. மெய்ஜி காலத்தில் (1868–1912) மசவோகா ஷிகி என்ற கவிஞர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பாஷோவின் "சேர்த்துக்கொண்டு" என்பதில் சாமர்த்தியம் தூக்கலாகத் தெரிகிறது, புசோனுடையதே மேல் என்று எழுதினார். எனக்கும் புசோன் பக்கம்தான் மனசு. அவர் சமாதி இங்கே கொன்புகுஜி என்ற கோயிலின் பின்னால் மேட்டில் இருக்கிறது, மழை நாளில் போனால் ஆள் இருக்காது, நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு வரலாம்.

ஆபீசிலும் சமிதாரே உண்டு என்றால் நம்புவீர்களா? ஒரே விஷயத்துக்கு ஒரு மின்னஞ்சல், அரை மணி கழித்து இன்னொன்று, அப்புறம் இன்னொன்று என்று விட்டு விட்டு அனுப்பினால் "சமிதாரே மாதிரி அனுப்புவதற்கு மன்னிக்கவும்" என்று மேலே போடுவார்கள். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டில் இருக்கிற சொல் என் கணினித் திரையில் தினமும் வந்து விழுகிறது, எனக்கு அது ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

மற்ற மழைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வசந்தத்தில் மெதுவாகப் பெய்வது ஹருசாமே; அதே பெயரில் கண்ணாடி மாதிரி ஒரு சேமியாவும் விற்கிறார்கள். கடுகு இனத்து மஞ்சள் பூ வயலெல்லாம் பூத்திருக்கும்போது வருவது நதானே த்சுயு. கோடைச் சாயங்காலம் இடியோடு கொட்டிவிட்டுப் போவது யூதாச்சி. ஐந்தாம் மாதம் 28ஆம் நாள் பெய்தால் தோரா கா அமே, அதாவது தோராவின் மழை: 1193இல் அந்த நாளில் தகப்பனைக் கொன்றவனைப் பழிவாங்கி உயிரைவிட்ட சோகா சகோதரர்களில் மூத்தவனுடைய காதலி அவள், அவள் அழுகைதான் மழையாம். வெயிலடிக்கும்போதே மழை பெய்தால் இவர்கள் நரிக்குக் கல்யாணம் என்கிறார்கள். பாட்டியிடம் கட்டாயம் சொல்லுங்கள், இங்கேயும் நரிக்குத்தான் கல்யாணம், காக்காய் மட்டும் இல்லை.

அப்புறம் யரஸு நோ அமே என்று ஒன்று. வந்த விருந்தாளி கிளம்பும் நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டு, போகவிடாமல் செய்கிற மழை. எட்டாம் நூற்றாண்டில் தொகுத்த மன்யோஷூ என்ற பாட்டுத் தொகுப்பிலேயே இந்த எண்ணம் இருக்கிறது. இடி லேசாக முழங்கி வானம் இருண்டு மழை வரக்கூடாதா, உன்னை நிறுத்தி வைத்துக்கொள்வேனே என்கிறாள் ஒருத்தி. மழை வராவிட்டாலும் நீ இரு என்றால் இருப்பேன் என்று அடுத்த பாட்டில் அவன் பதில் சொல்கிறான். அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஆனால் கியோத்தோவுக்கென்றே உள்ள மழை ஷிகுரேதான். குளிர் தொடங்கும்போது வடமேற்குக் காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையில் மோதும், பெரும்பாலானதை அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, மீந்த மேகங்கள் மட்டும் வடக்கு மலைகளைத் தாண்டி ஊருக்குள் வரும். அதனால் சட்டென்று பெய்யும், குடையை விரிப்பதற்குள் நிற்கும், தெருவின் இந்தக் கோடி நனைந்து அந்தக் கோடி காய்ந்து கிடக்கும், போகிற போக்கில் வானவில் ஒன்றும் தெரியும்.

இந்த ஒரு சொல்லைக் கவிஞர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டு வந்த விதத்தைச் சொல்லத்தான் கடிதமே எழுத உட்கார்ந்தேன். 15ஆம் நூற்றாண்டில் சோகி என்று ஒரு துறவிக் கவிஞர், ஊர் ஊராக நடந்தவர். ஓனின் போரில் இந்த நகரமே எரிந்து கிடந்த காலத்து ஆள். "உலகில் வாழ்வதும் ஷிகுரேக்கு ஒதுங்கி நிற்பதுதான்" என்றார். இருநூறு வருஷம் கழித்து பாஷோ அதே பாட்டை எடுத்து, "உலகில் வாழ்வதும் சோகி ஒதுங்கிய இடம்தான்" என்று எழுதினார். ஷிகுரே இருந்த இடத்தில் சோகியின் பெயர்! மழை என்ற பேச்சே அந்தப் பாட்டில் இல்லை, ஆனால் பழைய பாட்டு தெரிந்தவர்கள் காதில் மழை விழும். 1691இல் வந்த ஒரு தொகுப்பின் முதல் பாட்டும் பாஷோவுடையதே, முதல் ஷிகுரேயில் நனைந்து தனக்கும் ஒரு சின்ன வைக்கோல் மேலங்கி வேண்டும்போல நிற்கிற குரங்கு. 1694இல், ஷிகுரே பெய்கிற மாதத்தில், ஒசாகாவில் இறந்துபோனார். அவர் நினைவு நாளுக்கே ஷிகுரே நாள் என்று பெயர். அப்புறமும் அது நிற்கவில்லை. 1931இல் சந்தோகா என்ற பிச்சைத் துறவி, நடந்து போகிற தன் முதுகைத் தானே பின்னாலிருந்து பார்ப்பதுபோல, "இந்த முதுகும் ஷிகுரேயில் நனைந்து போகிறதோ" என்று எழுதினார். அவர் பாட்டு ஹைக்கூவுக்கு வழக்கமான 5-7-5 அசைக் கணக்கில்கூட இல்லை, சொல் மட்டும் அதே சொல்.

நீங்கள் இருவரும் வருவதானால் இந்த மாதத்தில் வேண்டாம், அம்மாவுக்கு இந்தப் புழுக்கம் ஒத்துக்கொள்ளாது. நவம்பர் கடைசியில் வாருங்கள், இலைகள் சிவந்திருக்கும், ஷிகுரேயும் வரும். சம்பா நடவு முடிந்து உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு இருக்கும். யமகதாவுக்கு ரயிலில் அழைத்துப் போகிறேன், மொகாமியில் இன்றைக்கும் படகு விடுகிறார்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கிற வேலையை மட்டும் இந்த மாதமே முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்