காதைப் பொத்தியபடி எழுதும் திறந்த மடல்

ஓவியங்களின் முன் நின்று பிறருக்குப் பொருள் விளக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். எட்வர்ட் மங்க் 1893-இல் தீட்டிய 'அலறல்' ஓவியத்தில், சிவந்த வானத்தின் கீழ் வேலியோரம் நிற்கும் உருவம் நான். இரு கைகளும் காதில் இருக்கும்போது மடல் எப்படி எழுத முடிந்தது என்று கேட்கவேண்டாம். அதற்கும் ஒரு விளக்கத்தைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முதலில் என் வழக்கு. நான் அலறவில்லை. மாலையில் நண்பர்கள் இருவருடன் நடந்துகொண்டிருந்தபோது வானம் இரத்தமாகச் சிவந்ததையும், இயற்கையினூடே முடிவற்ற ஓர் அலறல் செல்வதைத் தாம் உணர்ந்ததையும் மங்க் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறார். அந்த அலறலைக் கேட்கச் சகியாமல் காதைப் பொத்தியவர் எவரோ, அவரையே அலறியவர் என்று முடிவுகட்டிய பெருமை தங்களுடையது. வாய் திறந்திருப்பது உண்மைதான். திகைத்தவருக்கும் வாய் திறக்கும். வானம் ஏன் சிவந்தது என்பதற்கு 1883-இல் வெடித்த கிராக்கட்டோவா எரிமலையைச் சிலர் காட்டினர். என் முகத்துக்குப் பெரு நாட்டு மம்மியைச் சிலர் காட்டினர். ஓவியத்தின் இடப்பக்க மேல்மூலையில் 'பைத்தியக்காரன் ஒருவனால்தான் இதை வரைந்திருக்க முடியும்' என்று பென்சிலால் எழுதப்பட்டிருப்பதை, எரிச்சலுற்ற பார்வையாளர் எவரோ கிறுக்கியதாக வெகுகாலம் நம்பினீர்கள். அது மங்கின் கையெழுத்தே என்று 2021-இல்தான் தெரியவந்தது. தம்மைத் தாமே திட்டிக்கொள்ளும் உரிமையைக்கூட ஓவியருக்கு விட்டுவைக்க மனமில்லை போலும்.

அண்டைச் சட்டகங்களில் வசிப்போரின் நிலையும் இதுவே. பாரிஸில் இருக்கும் மோனா லிசா அம்மையாருக்கு இரத்தத்தில் கொழுப்பு, தைராய்டு குறைபாடு, கருவுற்றிருத்தல், பல்லைக் கடிக்கும் பழக்கம் என்று நாடி பிடிக்காமலேயே நோய் கண்டவர்கள் பலர். அவர் 1911-இல் களவுபோனபோது, அவர் இல்லாத வெற்றுச் சுவரைக் காணவும் கூட்டம் கூடியது. அந்தச் சுவரின் புன்னகைக்குத் தாங்கள் என்ன பொருள் சொன்னீர்களோ, அறியேன். ஓவியர் ரெம்பிராண்ட் 1642-இல் பகல் வெளிச்சத்தில் நிறுத்தி வரைந்த வீரர்களை, மேலே பூசிய வார்னிஷ் கறுத்துப்போன ஒரே காரணத்துக்காக 'இரவுக் காவல்' ஆக்கினீர்கள்.

கிராண்ட் வுட் 1930-இல் வரைந்த 'அமெரிக்கன் காதிக்' ஓவியத்தில் நிற்கும் இருவரையும் கணவன் மனைவி என்றே பலர் சொல்கிறார்கள். மாதிரியாக நின்றவர்கள் ஓவியரின் தங்கையும் ஓவியரின் பல் மருத்துவரும். வுட் கருதியதோ தந்தையையும் மகளையும். அந்த மனிதரின் இறுகிய உதடுகளில் ஒரு நாட்டின் ஆன்மாவையே கண்டதாகச் சொல்கிறீர்கள். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லியே காலம் கழித்தவர், ஒருநாள் தம் வாயை மூடி நின்றிருக்கிறார், அவ்வளவுதான்.

எனினும் என் உள்ளத்தை மிகவும் நெகிழவைப்பது ஓவியர் மோந்திரியானின் 'நியூயார்க் சிட்டி 1' என்னும் வண்ண நாடாக்கள் ஒட்டிய படைப்பே. அது 1941-இல் உருவானது. ஜெர்மனியின் டுசெல்டோர்ஃப் நகர அருங்காட்சியகத்தில் 1980 முதல் தொங்குகிறது. தலைகீழாகத் தொங்குகிறது என்பதை 2022-இல்தான் கண்டறிந்தார்கள். ஓவியரின் கூடத்தில் 1944-இல் எடுத்த நிழற்படம் அதை வேறு விதமாகக் காட்டியது. மேலே இருக்கவேண்டிய நெருக்கமான கோடுகள் கீழே இருந்த அந்த நாற்பது ஆண்டுகளில், அவற்றில் நகரத்தின் அடித்தளத்தைக் கண்டு எத்தனை பேர் கண்ணீர் மல்கினீர்களோ! இப்போது திருப்பினால் நாடாக்கள் உதிர்ந்துவிடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். ஆகவே தங்கள் பழைய விளக்கத்தை மாற்றவேண்டிய அவசியமும் இல்லை.

விளக்குவதை நிறுத்துமாறு நான் கேட்கவில்லை. நிறுத்தமாட்டீர்கள் என்பதை நன்கறிவேன். என் முன்னால் வரும்போது மட்டும் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ளுங்கள். அந்த மாலையின் அலறலுக்கே என் இரு கைகளும் செலவாகிவிட்டன. தங்கள் விளக்கத்துக்குப் பொத்த என்னிடம் வேறு கை இல்லை.

இப்படிக்கு,
வேலியோரம் நிற்கும் உருவம்,
ஆஸ்லோ.